வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே: வெளிநாட்டுத் தெருக்களில் நடந்தவர்களின் அனுபவப் பகிர்வு

ஜார்ஜ் டவுன், பினாங்கு

கட்டட வரைபடம் வரைவதில் முப்பது ஆண்டுகள் கழித்தவன் நான். அதனால் எந்த ஊருக்குப் போனாலும், அங்குள்ள அரண்மனையையும் அருங்காட்சியகத்தையும் பார்ப்பதற்கு முன்பாக, ஒரு வீட்டின் வாசல் எங்கே முடிகிறது, தெரு எங்கே தொடங்குகிறது என்பதைத்தான் என் கண் தேடும். ஓர் ஊரின் குணம் அந்த ஒன்றிரண்டு மீட்டர் அகலத்தில் வெளிப்படுவதுபோல வேறு எங்கும் வெளிப்படுவதில்லை என்பது என் எண்ணம். இதை நான் தெளிவாக உணர்ந்தது பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில். அதற்குக் காரணம் ஒரு மழை.

பிற்பகலில் சூலியா தெருவில் நடந்துகொண்டிருந்தபோது முன்னறிவிப்பே இல்லாமல் மழை கொட்டத் தொடங்கியது. பக்கத்தில் இருந்த கடைவீட்டின் தாழ்வாரத்தில் ஏறி நின்றேன். சற்று நேரத்தில் கவனித்தேன்: என்னைத் தவிர யாரும் அங்கே நிற்கவில்லை. எல்லோரும் நடந்துகொண்டே இருந்தார்கள். ஒரு வீட்டின் தாழ்வாரம் அடுத்த வீட்டின் தாழ்வாரத்தோடு சேர்ந்து, அது அதற்கடுத்ததோடு சேர்ந்து, தெருமுனை வரைக்கும் கூரையுள்ள ஒரு நடைபாதையாக நீண்டிருந்தது. மலாய் மொழியில் இதைக் காக்கி லீமா என்கிறார்கள். காக்கி என்றால் அடி, லீமா என்றால் ஐந்து. நம் மொழியில் ஐந்தடிப் பாதை. பெயரில்தான் ஐந்து. நான் நாடா வைத்து அளந்த இடங்களில் ஆறடியும் இருந்தது, எட்டடியும் இருந்தது.

இந்த அமைப்பின் வேர் ஒரு நகரத் திட்ட உத்தரவில் இருக்கிறது. 1822ஆம் ஆண்டு, சிங்கப்பூரில் பிரிட்டிஷ் குடியிருப்பை நிறுவிய ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் அந்நகரக் குழுவுக்கு அனுப்பிய அறிவுரைகளில், ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் குறிப்பிட்ட ஆழத்துக்குத் தாழ்வாரம் விடப்பட வேண்டும், அது தெருவின் இரு பக்கமும் தொடர்ந்த, கூரையிட்ட வழியாக எந்நேரமும் திறந்திருக்க வேண்டும் என்பதும் ஒன்று. 1826இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன; ஐந்தடிப் பாதையும் இந்தக் கரையோர ஊர்களின் பொது அடையாளமாகிவிட்டது. நிலம் வீட்டுக்காரருடையது, வழி எல்லோருக்கும் உரியது. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த ஏற்பாடு எவ்வளவு சிக்கலானது என்பதற்கு 1888இல் சிங்கப்பூரில் நடந்த கலவரமே சான்று. தாழ்வாரத்தில் பரப்பியிருந்த சரக்குகளை நகராட்சி அகற்ற முற்பட்டபோது, கடைக்காரர்கள் கடைகளை அடைத்தார்கள். தெருவில் கல்வீச்சு நடந்தது.

நான் நடந்த பாதையின் தரையைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் பகிர்வு முழுமை பெறாது. முதல் வீட்டின் முன்னால் சிவப்புக் களிமண் ஓடுகள், பாதங்கள் பட்டுப் பட்டு நடுவில் குழிந்திருந்தன. அடுத்த வீட்டில் பூ வேலைப்பாடுள்ள சிமெண்ட் ஓடுகள்; அதில் வாசலுக்கு நேர் எதிரே மட்டும் வண்ணம் தேய்ந்து சாம்பல் நிறம் தெரிந்தது. மூன்றாவதில் வெறும் சிமெண்ட் பூச்சு. தரை மட்டம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கையளவு ஏறியது அல்லது இறங்கியது. நான் மேலே இருந்த மரச் சன்னல்களையும் காற்றுத் துளைகளையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்ததால், மூன்றாவது வீட்டுக்கும் நான்காவது வீட்டுக்கும் நடுவே இருந்த படியில் கால் தடுக்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன். எந்த வீட்டின் எல்லை எங்கே என்பதை எந்த ஆவணமும் எனக்கு அவ்வளவு உறைக்கும்படி சொல்லியிருக்க முடியாது.

வீடுகள் அகலத்தில் குறுகியவை, ஆழத்தில் நீண்டவை. இரு பக்கமும் பொதுச் சுவர் என்பதால் பக்கவாட்டில் சன்னல் வைக்க வழியில்லை. வெளிச்சமும் காற்றும் நடுவில் விடப்பட்ட முற்றத்தின் வழியாகத்தான் வர வேண்டும். 2008இல் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுன் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்த வீடுகள் அதுவரை இடிபடாமல் நின்றதற்கு, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நெடுங்காலம் நடைமுறையில் இருந்ததும் ஒரு முக்கியக் காரணம். வாடகை ஏறாததால் இடித்துக் கட்டும் ஆசை உரிமையாளர்களுக்கு வரவில்லை. 2000ஆம் ஆண்டு பிறந்தபோது அந்தக் கட்டுப்பாடு விலகியது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வாடகைக் குடும்பங்கள் பல வெளியேறின. இன்று வண்ணம் பூசிப் பளபளக்கும் முகப்புகளின் முன் நின்று படம் எடுக்கும்போது, மாடிச் சன்னலில் துணி காய்கிறதா என்று பார்த்துக்கொள்வது என் வழக்கமாகிவிட்டது.

உங்களில் பலர் பல நாடுகளில் நடந்திருப்பீர்கள். வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே உள்ள அந்த இடம் எங்கே, எப்படி உங்கள் கண்ணில் பட்டது என்று எழுதுங்கள்.

போலோன்யா, இத்தாலி

ஐயா, நீங்கள் 1822 என்று எழுதியதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏறத்தாழ அதே விதியை இத்தாலியின் போலோன்யா நகரம் 1288ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்துவிட்டது. புதிதாக வீடு கட்டுகிறவர் தெருவோரமாகத் தூண்வரிசையோடு கூடிய கூரைநடையை அமைத்தே ஆக வேண்டும்; ஏற்கெனவே கட்டியவர் அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அங்கும் அதே ஏற்பாடுதான்: இடமும் பராமரிப்பும் வீட்டுக்காரருடைய பொறுப்பு, நடக்கும் உரிமை ஊராருடையது.

மேற்படிப்புக்காக அங்கே இரண்டு ஆண்டுகள் தங்கியிருந்தேன். அந்த இரண்டு ஆண்டுகளில் நான் குடை வாங்கவே இல்லை என்பதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, தேவைப்படவில்லை. நகரில் உள்ள கூரைநடைகளின் மொத்த நீளம் 62 கிலோமீட்டர். 2021இல் யுனெஸ்கோ அவற்றை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இவை எப்படித் தோன்றின என்பதை எனக்கு விளங்க வைத்தது ஸ்ட்ராடா மஜ்ஜோரே என்னும் தெருவில் உள்ள இசோலானி மாளிகை. அதன் முன் நிற்கும் தூண்கள் கல் அல்ல, செங்கல்லும் அல்ல; ஓக் மரம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்பது மீட்டர் உயரம். பல்கலைக்கழகத்தை நாடி மாணவர்களும், பிழைப்பை நாடி சுற்று வட்டாரத்து மக்களும் குவிந்தபோது ஊரில் வீடுகள் போதவில்லை. தெருவை ஆக்கிரமிக்க முடியாதவர்கள் மாடியை மட்டும் வெளியே நீட்டினார்கள். நீட்டிய மாடி தொங்காமல் இருக்க அடியில் மரத் தூண்களை நிறுத்தினார்கள். தூணுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு வழி தானாக உருவாயிற்று. மற்ற ஊர்கள் இப்படிப்பட்ட நீட்டல்களைத் தடைசெய்து இடித்துத் தள்ளியபோது, போலோன்யா அவற்றைச் சட்டமாக்கிக்கொண்டது. குதிரை மேல் அமர்ந்தவர் குனியாமல் போக வேண்டும் என்பதற்காக, கூரைநடையின் உயரம் குறைந்தது ஏழு போலோன்ய அடி, அதாவது 2.66 மீட்டர், இருக்க வேண்டும் என்றும் விதித்தது. 1568இல் வந்த ஆணை மரத் தூண்களை அகற்றிச் செங்கல்லாலோ கல்லாலோ கட்டச் சொன்னது. அந்த ஆணைக்குத் தப்பிய சில தூண்களில் ஒன்றின் மேல்தான் நான் கை வைத்து நின்றேன். மரத்தின் வெடிப்புக்குள் என் சுண்டுவிரல் முழுவதுமாக நுழைந்தது.

தரை பற்றி நீங்கள் எழுதியது இங்கும் பொருந்தும். ஆனால் இங்கே மட்டம் ஏறி இறங்குவதைவிட, பளபளப்பு மாறுவதுதான் கண்ணில் படும். வங்கியின் முன்னால் மெருகேற்றிய கற்சில்லுத் தரை. பக்கத்து வீட்டின் முன்னால் அதே தரை வெடித்து, ஒட்டுப்போட்ட நிலையில் இருக்கும். தூண்களின் அடிப்பாகத்தில் சைக்கிள்களைச் சாத்திச் சாத்தி உண்டான தேய்மானம் வேறு. நகருக்கு வெளியே குன்றின் மேல் இருக்கும் சான் லூக்கா தேவாலயத்துக்கு ஏறும் கூரைநடைக்கு 666 வளைவுகள். நாலு கிலோமீட்டருக்குச் சற்றே குறைந்த தூரம். 1674இல் அதைக் கட்டத் தொடங்கினார்கள். எல்லோரும் அங்கே போய்ப் படம் எடுக்கிறார்கள். என்னைக் கேட்டால், அதைவிட மாலை நேரத்தில் ஊருக்குள் உள்ள ஏதாவது ஒரு சாதாரணத் தெருவின் கூரைநடையில் இரண்டு முறை போய்த் திரும்புவது மேல். வெளிச்சம் வளைவுகளின் வழியாகச் சாய்ந்து தரையில் விழும். அதில் முதியவர்கள் நடந்துகொண்டே வாதிடுவார்கள், வாதத்தின் முக்கியமான இடம் வந்ததும் நடையை நிறுத்துவார்கள். பின்னால் வருகிறவரும் நிற்க வேண்டியதுதான்.

ஆம்ஸ்டர்டாம், நெதர்லாந்து

மழைக்கு ஒதுங்க இடம் தராத ஊரைப் பற்றியும் ஒருவர் எழுத வேண்டும் அல்லவா? ஆம்ஸ்டர்டாமின் கால்வாய்க்கரை வீடுகளுக்குத் தாழ்வாரம் கிடையாது. சுவர் நேராகத் தெருவில் இறங்குகிறது. ஆனால் சுவரை ஒட்டி ஒரு மீட்டர் அளவுக்கு வேறு வகைக் கல் பதித்த ஒரு பட்டை உண்டு. சில வீடுகளில் அதைச் சுற்றி இரும்புச் சங்கிலி, சில வீடுகளில் ஒரு மரப்பலகை, பல வீடுகளில் மேலேறும் படிக்கட்டு. அதற்கு ஸ்டூப் என்று பெயர். நியூயார்க்கில் வீட்டு முன்படிகளைக் குறிக்கும் சொல் டச்சுக் குடியேறிகள் கொண்டு சென்ற இந்தச் சொல்லிலிருந்துதான் வந்தது.

நான் தங்கியிருந்த வீடு மூன்றாம் மாடியில். படிக்கட்டு, படிக்கட்டு என்று சொல்லத் தகாத அளவுக்குச் செங்குத்தாக இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது என் மூக்கு மேல்படியைத் தொடும் தொலைவில் இருந்தது. இந்தப் படியில் கட்டிலை எப்படி ஏற்றுவார்கள் என்று வியந்தேன். மறுநாள் காலை எதிர்வீட்டில் விடை கிடைத்தது. முகப்பின் உச்சியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த உத்திரத்தின் கொக்கியில் கப்பியை மாட்டி, கயிற்றில் ஓர் அலமாரியைக் கட்டி இழுத்தார்கள். கீழே ஒருவர் இன்னொரு கயிற்றால் அதைச் சுவரிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டார். அலமாரி இரண்டாம் மாடிச் சன்னலை அடைந்ததும், சட்டங்கள் கழற்றப்பட்டிருந்த அந்தச் சன்னல் வழியாக இரண்டு கைகள் வந்து அதை உள்ளே வாங்கிக்கொண்டன. அப்போதுதான் பக்கவாட்டில் நின்று பார்த்தேன்: முகப்பு நேராக இல்லை, தெருவை நோக்கி வேண்டுமென்றே சற்றுச் சாய்த்துக் கட்டப்பட்டிருந்தது. ஏற்றும் பொருள் சுவரில் உரசாமல் இருக்க அந்தச் சாய்வு உதவுகிறது. பக்கத்து வீட்டோடு தோள் இடித்துக்கொண்டு இடப்பக்கமோ வலப்பக்கமோ சாய்ந்து நிற்கும் வீடுகளின் கதை வேறு. அவை சேற்று நிலத்தில் அடித்த மரத் தூண்கள் இறங்கியதால் சாய்ந்தவை. இரண்டையும் பிரித்தறியத் தெரிந்த பிறகு, கால்வாய்க்கரையில் பத்து வீடுகளைக் கடக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது.

வீடுகளுக்கு எண் இல்லாத காலத்தில் முகப்பில் செதுக்கிய ஒரு சிறு கல்தான் முகவரி. ஒரு மீன், ஒரு கப்பல், ஒரு கத்தரிக்கோல். நூற்றுக்கணக்கான கற்கள் இன்னும் சுவரில் இருக்கின்றன.

ஸ்டோன் டவுன், சான்சிபார்

உங்கள் எல்லோருக்கும் தூணும் கூரையும் வாய்த்தன. எனக்கு வாய்த்தது திண்ணை. வேறு எந்தச் சொல்லாலும் அதைக் குறிக்க முடியாது. தான்சானியா நாட்டைச் சேர்ந்த சான்சிபார் தீவின் ஸ்டோன் டவுனில் வீட்டுச் சுவரோடு சுவராகக் கட்டி, சுண்ணாம்பு பூசி, உட்கார்ந்து உட்கார்ந்து வழவழப்பான கல் மேடைகள் வாசலின் இருபுறமும் நீளுகின்றன. சுவாகிலி மொழியில் அவற்றுக்குப் பராசா என்று பெயர். அந்தச் சொல்லின் பொருள் அதோடு நிற்கவில்லை; ஊர்க்கூட்டமும் பராசாதான், அமைச்சரவைக்கும் அந்தச் சொல்லையே வைத்திருக்கிறார்கள். திண்ணையில் உட்கார்ந்து பேசியதிலிருந்து அரசாங்கம் வரைக்கும் ஒரே சொல் ஏறிப் போயிருக்கிறது.

பணி நிமித்தமாக டார் எஸ் சலாம் சென்றவள், விடுமுறை நாளில் படகில் சான்சிபாருக்குக் கடந்தேன். ஸ்டோன் டவுனின் சந்துகள் இரண்டு கைகளை விரித்தால் இரு சுவர்களையும் தொடும் அளவுக்குக் குறுகலானவை. பவளப் பாறைக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டிய உயரமான சுவர்கள். உச்சி வெயிலைத் தவிர மற்ற நேரமெல்லாம் தெருவில் நிழல்தான். வரைபடம் அங்கே பயன்படவில்லை. கைப்பேசி காட்டிய நீலப்புள்ளி என்னைச் சுவர்களுக்குள் நடக்க வைத்துக்கொண்டிருந்தது. கதவுகளை வைத்து வழி நினைவில் கொள்ளத் தொடங்கினேன். பித்தளைக் குமிழ்கள் வரிசையாகப் பதித்து, பல மடிப்பாகத் திறக்கும் கதவுகள் குஜராத்தி வணிகர் மரபில் வந்தவை. மேலே செதுக்கு வேலை நிறைந்த சட்டமும் அரபு எழுத்தும் கொண்டவை ஓமானியர் மரபு. சட்டத்தின் ஓரமாக ஓடும் சங்கிலி, மீன், தாமரை, பேரீச்ச ஓலை என்று ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தேன். கூர்முனைப் பித்தளைக் குமிழ்கள் யானைகள் முட்டாமல் இருக்க வைத்தவை என்று எனக்கு வழிகாட்டியாக வந்த இளைஞர் சொன்னார். இந்தத் தீவில் யானை ஏது என்று கேட்டதும் அவரும் சிரித்துவிட்டார்.

மழை எனக்கும் வந்தது. சந்து சில நிமிடங்களில் ஓடையாக மாறியது. நான் வாசல் வளைவுக்குக் கீழே சுருங்கி நின்றபோது, பள்ளிச் சீருடையில் இருந்த நான்கு பிள்ளைகள் ஒரு திண்ணையிலிருந்து அடுத்த திண்ணைக்குத் தாவித் தாவி அந்தச் சந்தினைக் கடந்து போனார்கள். கணுக்கால்கூட நனையவில்லை. திண்ணை உட்காரும் இடம் என்றுதான் நான் அதுவரை எண்ணியிருந்தேன். மழைக்காலத்தில் அதுவே உயர்ந்த நடைபாதை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நானும் ஏறினேன். இரண்டாவது தாவலில் ஒரு முதியவர் பலகைக் குழிகளில் விதைகளை இட்டு ஆடிக்கொண்டிருந்த பாவோ ஆட்டத்தின் மேல் ஏறக்குறைய விழுந்திருப்பேன். அவர் பலகையை நகர்த்தவில்லை. தம் காலை மட்டும் மடக்கி எனக்கு இடம் கொடுத்தார்.

அந்தப் பவளக்கல் அழகாக இருக்கும் அளவுக்கு உறுதியானது அல்ல. ஈரம் ஊறினால் சாந்து உதிர்கிறது. 1883இல் கட்டப்பட்ட, அதிசய மாளிகை என்று பெயர் பெற்ற கட்டடத்தின் ஒரு பகுதி 2020 டிசம்பரில் இடிந்து விழுந்தது. நான் போயிருந்தது அதற்கு முன்னால். அதன் மாடத்தில் எடுத்த படம் என்னிடம் இருக்கிறது. இப்போது அதைப் பார்க்கும்போதெல்லாம் பின்னணியில் உள்ள தூண்களைத்தான் எண்ணுகிறேன்.

கியோட்டோ, ஜப்பான்

என்னுடையது ஒரு தவற்றின் கதை. கியோட்டோவின் பழைய மரவீடுகளைப் பார்ப்பதற்காக அதிகாலையில் கிளம்பியிருந்தேன். நடுவில் களைத்துப்போய் ஒரு வீட்டின் சுவரோரமாக இருந்த மூங்கில் வளைவின் மேல் முதுகுப்பையை வைத்தேன். உள்ளிருந்து வந்த மூதாட்டி தலை தாழ்த்தி வணங்கி, மெதுவாக ஏதோ சொல்லி, பையைத் தம் இரு கைகளாலும் எடுத்து என்னிடம் நீட்டினார். கோபத்தின் சாயல் முகத்தில் இல்லை. நான் வெட்கிப்போனேன். அந்த வளைவுக்கு இனுயராய் என்று பெயர். நாயை விலக்குவது என்று பொருள். சுவரின் அடிப்பகுதியை நாய்களிடமிருந்தும் தெருச்சேற்றிலிருந்தும் காப்பாற்ற வைத்தது. பிளந்த மூங்கில் கழிகளை வில்போல் வளைத்துச் செய்வார்கள். ஒரு பை அழுத்தினால் நெளிந்துவிடும். வேலி என்று சொல்லாமலேயே, இதற்கு அப்பால் வராதே என்று சொல்லும் பொருள் அது.

இந்த வீடுகளும் பினாங்கு வீடுகளைப்போல முகப்பில் குறுகியவை, உள்ளே நீண்டவை. விலாங்கு மீனின் படுக்கை என்று அவர்களே கேலியாகச் சொல்வார்கள். தெருப்பக்கம் முழுவதும் மரச் சட்டத்தால் ஆன அளி, அதாவது கிராதி. உள்ளிருப்பவருக்கு வெளியே தெரியும், வெளியே இருப்பவருக்கு உள்ளே தெரியாது. அளியின் வடிவத்தை வைத்து அந்த வீட்டின் தொழிலைச் சொல்லிவிடலாம். நூல், துணி வணிகம் செய்தவர்கள் நிறம் பார்க்க வெளிச்சம் தேவை என்பதால் மேல்பகுதியில் சில சட்டங்களைக் குட்டையாக விட்டார்கள். அரிசிக் கடைக்குக் கனத்த, முரட்டுச் சட்டங்கள். தொழில் போய்ப் பல பத்தாண்டுகள் ஆனாலும் சட்டம் மட்டும் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அந்த மூதாட்டி பிறகு செய்ததைத்தான் நான் சொல்ல விரும்புகிறேன். துடைப்பத்தை எடுத்து வாசல் முன்னால் பெருக்கினார். தம் வீட்டின் எல்லை வந்ததும் நிறுத்தவில்லை. பக்கத்து வீட்டின் முன்னாலும் ஓரடி அளவுக்குப் பெருக்கிவிட்டு நிறுத்தினார். தங்கும் விடுதியில் விசாரித்தேன். எல்லைக்கோட்டில் சரியாக நிறுத்துவது அண்டை வீட்டாரிடம் அன்பில்லாத செயல். முழுவதையும் பெருக்கிவிடுவது அவர்கள் கடமையைச் செய்யவில்லை என்று குத்திக்காட்டுவதாகும். ஆகவே ஓரடி. இதை எந்த நகராட்சி விதியும் எழுதி வைத்திருக்க முடியாது.

எழுதி வைத்த விதிகளும் உண்டு. 2007 முதல் நகரின் மையப் பகுதியில் கட்டடங்கள் 31 மீட்டருக்கு மேல் எழும்பக் கூடாது. கூரைமேல் விளம்பரப் பலகையும் மின்னி மின்னி அணையும் விளக்கும் கூடாது. கியோன் பகுதியில் சுற்றுலாப் பயணிகளின் தொல்லை பொறுக்க முடியாமல், 2024இல் தனியார் சந்துகளில் வெளியார் நுழையத் தடை விதித்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது முதுகுப்பையை நீட்டிய இரண்டு கைகள்தான் என் நினைவுக்கு வந்தன. தெருவைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று நாம் சொல்லும் இடம் வேறொருவருடைய வாசல் என்பது பல நேரங்களில் நமக்கு மறந்துவிடுகிறது.

லிஸ்பன், போர்ச்சுகல்

பினாங்கு ஐயா மேலே பார்த்துத் தடுக்கி விழுந்தார். நான் கீழே பார்த்துக்கொண்டு நடந்தும் வழுக்கி விழுந்தேன். லிஸ்பனின் நடைபாதைகள் கையளவு சுண்ணாம்புக் கற்களால் ஆனவை. வெள்ளைக் கல்லுக்கு நடுவே கறுப்புக் கல் பதித்து அலை, நட்சத்திரம், கப்பல் என்று கோலம்போல் இழைத்திருப்பார்கள். நூறாண்டுக்கு மேலாகப் பாதங்கள் தேய்த்த அந்தக் கல், தூறல் விழுந்தால் சோப்புக்கட்டியாகிவிடும். அதுவும் சரிவில். என் மணிக்கட்டில் சுளுக்கு, பெருமையில் பெரிய காயம்.

கட்டுப்போட்ட கையோடு மறுநாள் அதே தெருவில் ஒரு கல்பதிப்பாளர் வேலை செய்வதைப் பார்த்தேன். தாழ்ந்த முக்காலியில் அமர்ந்து, ஒரு கல்லை இடது உள்ளங்கையில் வைத்து, சிறு சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டினார்; கல் தேவையான வடிவத்தில் பிளந்தது. மரத்தால் செய்த அச்சு மணலில் கிடந்தது. அதன் உட்புறம் கறுப்புக் கல், வெளிப்புறம் வெள்ளைக்கல். சிமெண்ட் இல்லை. அதனால் மழைநீர் இடுக்குகள் வழியே மண்ணுக்குள் இறங்குகிறது, குழாய் பழுதுபார்க்கத் தோண்டினாலும் அதே கற்களைத் திரும்பப் பதிக்கலாம். ரோசியோ சதுக்கத்தின் பெரிய அலைக்கோலம் 1840களின் இறுதியில் பதிக்கப்பட்டது. அதைப் போன்ற அலைதான் பின்னாளில் பிரேசிலின் கோப்பகபானா கடற்கரைக்குப் போனது.

சுவர்களில் பதித்த வண்ண ஓடுகளைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. பழம்பொருள் சந்தையில் விற்கும் தனி ஓடுகளை வாங்காதீர்கள். சுவரிலிருந்து திருடிப் பெயர்த்தவையாக இருக்கலாம். தெருவில் நடக்கும்போது முகப்பில் ஒரு சதுரம் மட்டும் வெறும் சாந்தாகத் தெரிந்தால், எங்கோ ஓர் அலமாரியில் அது அழகுப்பொருளாக இருக்கிறது என்று பொருள்.

மீண்டும் ஜார்ஜ் டவுனிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. ஸ்டோன் டவுன் பற்றி எழுதிய அம்மாவின் திண்ணைத் தாவலைப் படித்த பிறகு, நான் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது. முதலில் எழுதியபோது வெட்கம் தடுத்தது.

ஊர் திரும்புவதற்கு முந்தைய மாலை மறுபடியும் அந்த ஐந்தடிப் பாதைக்குப் போனேன். தூணுக்கும் சுவருக்கும் நடுவே நாடாவைக் குறுக்காகப் பிடித்து, அளவைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். சில இடங்களில் இரண்டு சக்கர வண்டிகளையும் சரக்குப் பெட்டிகளையும் நிறுத்தி வழியை மறித்திருந்ததைப் படம் எடுத்து, 1822இல் எந்நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று எழுதியவர் இதைப் பார்த்தால் என்ன சொல்வாரோ என்று குறிப்பும் எழுதினேன். மழை வலுத்தது. பின்னால் செருப்புச் சத்தம் வந்து நின்றது. திரும்பாமலேயே இன்னொரு அளவை எழுதினேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண்மணியின் குரல், தமிழில்:

“அண்ணே, அளந்து முடிச்சிட்டீங்கன்னா கொஞ்சம் ஒதுங்கிக்கிறீங்களா? பின்னால ஆறு பேரு நிக்கிறோம்.”

நாடாவைச் சுருட்டிக்கொண்டு மழையில் இறங்கி நின்றேன். ஆறு பேரும் கடந்து போனார்கள்.